மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தயாரித்த வண்டிகள் ஏன் நின்றுபோயின? சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர் போதுமா?

வீட்டில் யாருக்கோ வண்டி வாங்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இரண்டு வயதில் போலியோ. 24 வருடமாக சைடு வீல் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறேன்.

தனி வண்டி என்றால் பிரிட்டனின் இன்வாகார். பெர்ட் கிரீவ்ஸ் என்பவர் நடக்க முடியாத தன் உறவினரின் சக்கர நாற்காலியில் மோட்டார் பொருத்தியதில் தொடங்கியது அது. அரசே இலவசமாகக் கொடுத்தது. வெளிர் நீல நிறம், மூன்று சக்கரம், ஒரே ஒரு இருக்கை. காற்றடித்தால் தள்ளாடும் என்ற புகார் தீரவே இல்லை. 1976-இல் அதற்குப் பதிலாகப் பயண உதவித்தொகை வந்தது. மாற்றியமைத்த காருக்குப் பலர் மாறினார்கள். 2003-இல் மிச்சமிருந்த அரசு வண்டிகளையும் பாதுகாப்பில்லை என்று திரும்பப் பெற்றுவிட்டார்கள். சோவியத் நாட்டில் செர்புகோவ் ஆலை செய்த வண்டியிலோ இரண்டு இருக்கை இருந்தது.

அந்த ஒற்றை இருக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. என் மகளுக்கு ஐந்து வயது இருக்கும். காய்ச்சல். மனைவி அவளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் ஒரு காவலர் நிறுத்தி, “இது ஊனமுற்றோர் வண்டி, ஆள் ஏற்றக்கூடாது” என்று இருவரையும் இறக்கிவிட்டார். மத்தியான வெயிலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடக்க, பக்கத்திலேயே நான் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். கட்டை ஊன்றி நடக்கிறவன் குடும்பத்தோடு வெளியே போகமாட்டான் என்று யார் முடிவு செய்தது?

நம் நாட்டின் 1988 மோட்டார் வாகனச் சட்டம் மாற்றுத்திறனாளி வண்டிக்குத் தந்த வரையறையும் அப்படித்தான் இருந்தது: தனியாக வடிவமைத்துக் கட்டியிருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்தது சேராது. பட்டறையில் சக்கரம் மாட்டிய என் வண்டி அதில் எங்கே வரும்? 2019 திருத்தத்தில்தான் மாற்றியமைத்த வண்டியையும் சேர்த்தார்கள்.

அரசு தரும் ஸ்கூட்டரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அது கிடைத்ததால் வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். சைடு வீல் போதும், தாராளமாக வாங்குங்கள். ஆனால் இது வளைவில் சாயாது. வேகமாகத் திருப்பினால் ஆளை வெளிப்பக்கம் தள்ளும். முதல் மாதம் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகட்டும். கட்டை வைக்க ஒரு கொக்கி கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், வண்டி இருந்தும் உள்ளே போக முடியாத இடங்கள்தான் அதிகம். நான் பணம் எடுக்கிற வங்கியில் சாய்தளம் இருக்கிறது. அதன் மேல் தினமும் நான்கு பைக் நிற்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் ரோட்டோரமே காத்திருக்கிறேன்.