ஆங்கிலேயரின் பழைய தேநீர்ப் பாத்திரங்களைச் சேகரிக்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? அவர்களுடைய ‘ஆஃப்டர்நூன் டீ’ மரபு எவ்வளவு பழையது?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆஃப்டர்நூன் டீக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, இரவுச் சாப்பாடு வரைக்கும் பசி தாங்க முடியாமல் டீயும் ரொட்டியும் வெண்ணெயும் தன் அறைக்கே வரவழைத்தார், பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார் என்பார்கள். ஒரே ஆள் தொடங்கிவைத்தார் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பணக்கார வீடுகளில் இரவுச் சாப்பாடு ஏழு, எட்டு மணிக்குத் தள்ளிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் எல்லாருக்கும்தானே பசித்திருக்கும்! நம் ஊர் ஓட்டல்கள் ஆடம்பரமாக விளம்பரம் செய்கிற ‘ஹை டீ’ வேறு சங்கதி. வேலை முடிந்து வந்த தொழிலாளி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இறைச்சி, ரொட்டி, சீஸ் என்று வயிறு நிறையச் சாப்பிட்டதுதான் ஹை டீ.

பாத்திரங்கள் இந்த மரபைவிட நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தவை. அவற்றைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்றைக்கு டீத்தூள் பயங்கர விலை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து டீபாட்கள் கைக்குள் அடங்குகிற அளவில் இருப்பது அதனால்தான். டீத்தூள் வைக்கும் கேடி பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி வீட்டு எஜமானியிடம் இருக்கும். 1784இல் பிரதமர் வில்லியம் பிட் டீ மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார். கள்ளக்கடத்தல் படுத்துவிட்டது, சாதாரண வீடுகளிலும் டீ தாராளமாகப் புழங்க ஆரம்பித்தது.

முதலில் வந்த கோப்பைகளுக்குக் கைப்பிடி கிடையாது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சின்னக் கிண்ணங்கள் அவை. பீங்கான் ஈரத்துக்கு அஞ்சாது, கனமும் உண்டு. அதனால் கப்பலின் அடித்தளத்தில் அதை அடுக்கி, டீப் பெட்டிகளை அதற்கு மேலே வைப்பார்கள். அக்காலத்து செட்களில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு டீக் கிண்ணம், ஒரு காபிக் கோப்பை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாசர். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் குடிக்கப்போவதில்லை, அப்புறம் எதற்கு இரண்டாவது சாசர்? கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

1820களைச் சேர்ந்த சில சர்க்கரைக் கிண்ணங்களும் அப்படித்தான். ‘கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல’ என்று அவற்றின் மேலேயே எழுதியிருக்கும். கரீபியத் தோட்டங்களின் சர்க்கரையைப் புறக்கணித்த குடும்பங்கள் விருந்தாளிகளின் கண்ணில் படும்படி மேசையில் வைத்தவை. பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஒன்று இருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் இந்தியாவிலேயே 1843 வரை அடிமைமுறை சட்டப்படி செல்லுபடியானது என்பதைக் கிண்ணம் சொல்லவில்லை.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். நான் இருப்பது இங்கிலாந்தில். தொண்டு நிறுவனக் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் அழகான கப்-சாசர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பாத்திரம் கழுவும் மெஷினில் போட முடியாததை இளம் குடும்பங்கள் விரும்புவதில்லை. அதனால் முழு செட் தேடி அலையாமல், பிடித்ததை ஒன்றிரண்டாகச் சேர்ப்பதுதான் என் கட்சி.

எடுத்ததும் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891 அல்லது அதற்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா போட்ட சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்தது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டு. வைர வடிவ முத்திரை இருந்தால், அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. முத்திரையோடு 17-ஓ 18-ஓ என்று தொடங்கும் வருஷம் அச்சாகியிருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். பல நேரம் அது கம்பெனி தொடங்கிய வருஷம். கோப்பை போன தலைமுறையில் செய்ததாக இருக்கும்.

போன் சைனா என்றால், கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில், பீங்கான் செய்துவந்த ஸ்போட் குடும்பம் 1790களில் பக்குவப்படுத்திய கலவை அது. அதில் ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல், ஆகவே சைவ வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்குமுன் யோசியுங்கள். நகத்தால் விளிம்பைச் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். ‘டக்’கென்று அடங்கினால் எங்கோ விரிசல்.

வெள்ளி டீபாட் என்று சொல்லி விற்றால் நடக்கும் சிங்கத்தின் முத்திரையைத் தேடுங்கள். 92.5 சதவீத வெள்ளிக்கு இங்கிலாந்தில் அதுதான் அடையாளம். இ.பி.என்.எஸ். (EPNS) என்று இருந்தால் வேறு உலோகத்தின் மேல் வெள்ளியை மின்முலாமாகப் பூசியது. எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை வாங்கிய முறை அது. டீ ஊற்ற அருமையாக இருக்கும், வெள்ளி விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

தங்க விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. கையால்தான் கழுவ வேண்டும். மிகப் பழையதில், மெருகு வெடித்தோ உட்புறம் வண்ணம் தீட்டியோ இருந்தால், அதில் குடிக்க வேண்டாம். அந்தக் கால மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் சேர்ப்பது சாதாரணம். அதை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், குடிக்க 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.