அப்பாவின் பழைய ஸ்டீரியோ செட், ரெக்கார்டுகள், கேசட்டுகளை யாரிடம், எப்படி விற்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: வண்ணாரப்பேட்டை வீட்டைக் காலி செய்கிறார்கள். அப்பா சேர்த்து வைத்த ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்ட் பிளேயர், கேசட் டெக், இருநூறு சொச்சம் ரெக்கார்டுகள், ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. பத்து வருடமாக எதையும் யாரும் போட்டுக் கேட்கவில்லை. யாரிடம் கொடுத்தால் நல்ல விலை வரும் என்று கேட்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்களும் இதே வேலையைச் செய்தோம். பெரம்பூர் வீட்டை விட்டு கொளத்தூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டுக்கு மாறினோம். அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் செலவு போகக் கையில் மிஞ்சியதையெல்லாம் பாட்டு கேட்பதற்கே செலவழித்தவர். எண்பது வயதில் அவரே, "ஏத்திக்கினு போய் வைக்க எடமில்ல, குடுத்துடலாம்" என்றார். அதனால் அவரும் கூட இருந்துதான் எல்லாவற்றையும் விற்றோம்.

என் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். விலையைப் பற்றி யோசிக்கும் முன் செட்டை ஓட வையுங்கள். பாடுகிற செட்டை வாங்கப் பாட்டு கேட்கிறவர் வருவார். பாடாத செட் காயலான் கடைக்குத்தான் போகும்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஸ்பீக்கர் இரண்டிலும் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. விரலால் தொட்டால் கருப்பாக ஒட்டிக்கொள்ளும். இனி இது உதவாது என்று நானே முடிவு கட்டி, பழைய இரும்பு வண்டிக்காரரிடம் ஓட்டைக் குக்கர், உடைந்த நாற்காலியோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து அந்தக் கடைப் பக்கம் போனபோது, தேக்கு வெனீர் ஒட்டிய பெட்டி இரண்டும் பிளந்து கிடந்தன. காந்தத்தை மட்டும் உடைத்து எடுத்திருந்தார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் காந்தத்துக்கும் செம்புக்கும்தான் காசு கொடுத்தார். அந்த ஃபோம் வளையம் தனியாகக் கிடைக்கும், அளவு பார்த்து வாங்கி ஒட்டினால் ஸ்பீக்கர் பழையபடி பாடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதை வெளியே எடுத்தாலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

சரி, எப்படி ஓட வைப்பது? பத்து வருடம் சும்மா இருந்த ஆம்ப்ளிஃபயரை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும். திடீரென்று முழு மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கவும் கூடும், டிரான்ஸ்ஃபார்மரையும் கெடுத்துவிடும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டுக்குப் போகும் மின்வயரில் தொடராகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் சீரிஸ் பல்பு. பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பெரும்பாலும் பயமில்லை. முழு வெளிச்சத்தோடு அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். இதை நீங்களே செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வெளிநாட்டுச் செட்டாக இருந்தால் வோல்டேஜையும் பாருங்கள். எங்கள் கேசட் டெக் பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் செட். ஜப்பானில் அவர்கள் உள்ளூருக்கென்று செய்த செட்டுகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. அப்பா கூடவே வோல்டேஜைக் குறைக்கும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார். அதைத் தனியாக எங்கேயோ போட்டுவிட்டு டெக்கை மட்டும் விற்றிருந்தால், வாங்கியவர் வீட்டில் முதல் நாளே புகை வந்திருக்கும்.

ஓட்டேரி பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் கிடைத்தார். டெக்கைத் திறந்ததும், "பெல்ட்டு கூழாயிட்சு சார், ஆனா மோட்டார் சூப்பரா கீது" என்றார். ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. ரெக்கார்ட் பிளேயர் ஒரு பழைய கேரார்ட். அதில் தட்டைச் சுற்றுவது பெல்ட் இல்லை, ஒரு சின்ன ரப்பர் சக்கரம். அது இறுகிப்போய் வழுக்கியதால் பாட்டு இழுத்து இழுத்து வந்தது. ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். ரிச்சி தெருவில் பெல்ட்டும் கெப்பாசிட்டர்களும் வாங்கி, சக்கரத்தைச் சுத்தம் செய்து உரசி, காண்டாக்ட் கிளீனர் அடித்து எல்லாம் சரியாக மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ஓடாத நிலையில் மொத்தத்துக்கும் சேர்த்தே எங்களிடம் ஆயிரத்து இருநூறுக்குக் கேட்டிருந்தார்கள்.

அடுத்து ரெக்கார்டுகள். பழசு என்பதற்காக விலை வராது. தட்டின் நிலைமைதான் விலை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் பாருங்கள். மேசையில் படுக்க வைத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் பரணில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தால் வளையாமல் இருக்காது. எப்போதும் நிற்க வைத்துத்தான் அடுக்க வேண்டும். பூஞ்சை இருந்தால் லேபிள் நனையாமல், ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் மெல்லத் துடைத்து நிழலில் உலர்த்தலாம். ஆனால் கனமான, கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைகிற 78 வேகத் தட்டுகள் இருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அவை அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். எல்பி ஊசியில் அவற்றைப் போட்டும் பார்க்காதீர்கள், அதற்குத் தடிமனான வேறு ஊசி வேண்டும்.

எக்கோ லேபிளில் வந்த இளையராஜா ரெக்கார்டுகளைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு வீடு இருந்த படக் கதை வசனத் தட்டுகளுக்கு அந்த அளவு கேட்பார் இல்லை. எச்.எம்.வி. தட்டுகளை ஒரே பாட்டுக்குப் பல வருடம் திரும்பத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். அதனால் சேகரிப்பவர்கள் லேபிளின் நிறத்தையும், லேபிளை ஒட்டிப் பாட்டில்லாத இடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் கேட்பார்கள். அது தெளிவாகத் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள்.

உறையில் எழுதியிருந்தால் விலை குறையும் என்பார்கள். உண்மைதான். அப்பா ஒவ்வோர் உறையின் பின்னாலும் நீல மையில் வாங்கிய தேதியும் இடமும் எழுதியிருந்தார். பாதிக்கு மேல் "மூர் மார்க்கெட்" என்றிருக்கும். 1985-இல் மார்க்கெட் எரிந்து, கடைகள் அல்லிக்குளத்துக்கு மாறிய பிறகு வாங்கியவற்றில் "அல்லிக்குளம்". இன்றைக்குச் சென்ட்ரல் புறநகர் ரயில் ஏறப் போகிறவர்களுக்கு அந்த மூர் மார்க்கெட் இடத்தில் நடைபாதை முழுக்க ரெக்கார்டும் புத்தகமும் பரப்பியிருந்தார்கள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஒருவர் அந்த எழுத்தை அழித்துத் தரச் சொன்னார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் அந்த எழுத்துக்காகவே வாங்கினார்.

நல்லதை மட்டும் பொறுக்கிக் கொள்ள யாரையும் விடாதீர்கள். முதல் ஆள் இருபது ரெக்கார்டைப் பொறுக்கிக்கொண்டு போனால் மீதி நூற்றெண்பதை யாரும் சீந்த மாட்டார்கள். நாங்கள் சினிமாப் பாட்டுகளை ஒரு கட்டாகவும் கர்நாடக சங்கீதம், நாதஸ்வரத்தை இன்னொரு கட்டாகவும் பிரித்துக் கட்டுக்கட்டாகவே கொடுத்தோம். இரண்டாவது கட்டு பார்சலில் கோவை போனது. பார்சல் போடுவதானால் தட்டை உறைக்கு வெளியே எடுத்து, உறையின் பின்னால் வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் குலுங்கும்போது உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேசட்டுகளைப் பற்றித்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். எல்லாவற்றையும் போட்டுக் கேட்டு முடிக்கிற வரை டெக்கை விற்காதீர்கள். கடையில் வாங்கிய கேசட்டுகளுக்குப் பெரிய விலை கிடையாது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய டிடிகே கேசட்டுகளும் அப்படித்தான், அந்தப் பாட்டுகள் இன்றைக்கு எங்கும் கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் வேறு எங்கேயும் கிடைக்காத சில இருக்கும். எங்களிடம் பதினொன்று இருந்தன. "ஆ.பூ. 86", "ஆ.பூ. 87" என்று எழுதியிருந்தது. பட்டறையில் ஆயுத பூஜை அன்று அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் பாடியதை டூ இன் ஒன் ரேடியோ டேப் ரெக்கார்டரில் பதிந்தவை. மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி கொடுத்து முடித்த பிறகு பெஞ்சில் தாளம் தட்டிக்கொண்டு பாடிய கானாப் பாட்டுகள். எந்தக் கம்பெனியும் அவற்றை வெளியிடவில்லை. பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை.

நகலெடுப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு வயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடமும் ஆகும். முதலில் கேசட்டின் பின்பக்க விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளைப் பாருங்கள். அவை உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாக இருந்தால், டேப் உரசி ஓடும் ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் குரல் பளிச்சென்று திறக்கும். 80களில் டேப் ரெக்கார்டர் இருந்த வீட்டுப் பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை இது.

அந்த ஆயுத பூஜைக் கேசட்டுகளில் அதிகம் பாடியவரின் மகன் புளியந்தோப்பில் இருக்கிறார். அவரிடம் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு இருமல் வரும். பாட்டு ஓடியபோது சும்மா நின்றவர், அந்த இருமலைக் கேட்டதும், "இது எங்கப்பாண்ணா" என்றார். உள்ளே இருந்த அம்மாவைக் கூப்பிட்டு அந்த இடத்தை மறுபடி மறுபடி போட்டார்.

விற்கிற இடத்தில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் விளம்பரம் போட்ட அரை மணி நேரத்தில், செட்டைப் பார்க்காமலே முழுப் பணமும் அனுப்புகிறேன் என்று ஒருவர் க்யூஆர் கோடு அனுப்பினார், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னார். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் போட வேண்டிய அவசியமே கிடையாது. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்ட் பிளேயரும் ராயபுரத்துப் பையன் ஒருவரிடம் போயின. கையில் தன்னுடைய ரெக்கார்டு ஒன்றோடு வந்தார். அதைப் பார்த்ததுமே அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய ஸ்பீக்கரில் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடத்துக்கும் மேல், மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்து கேட்டோம். நான் பதினெட்டாயிரம் சொல்லியிருந்தேன். அப்பா என்னைக் கேட்காமலே பதினாலுக்குக் கொடுத்துவிட்டார். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. பிளேயரின் ஊசிக் கையை எப்படிக் கட்டுவது, சுழலும் தட்டை எப்படிக் கழற்றித் தனியாக எடுத்துப் போவது, ஊசிக் கையின் எடைக்குண்டை எந்த அளவில் வைப்பது என்று முக்கால் மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது அந்தப் பையனை மறுபடி நிறுத்தினார். "வூடு கடலாண்டையா?" என்று கேட்டார்.

"ஆமா தாத்தா, காசிமேடு பக்கம்."

"அப்ப வாரத்துக்கு ஒருக்கா எல்லா குமிழையும் இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பி வுடு. பாட்டு போடலன்னாலும் திருப்பு. உப்புக் காத்துல பிடிச்சுக்கும்."