ஆற்றில் தண்ணீர் இல்லை, பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

கேள்வி: காரைக்குடி பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆற்று உயிரினங்களைக் காட்ட 40 பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். இங்கே ஆறு காய்ந்து கிடக்கிறது. வைகைக்கோ காவிரிக்கோதான் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம் டீச்சர். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். தேனாறும் மணிமுத்தாறும் மழை பெய்தால்தான் ஓடும். இந்தச் சீமையில் ஓடுகிற தண்ணீரைத் தேக்கி வைப்பது கண்மாய்தான். அதனால் கண்மாய்க்குப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய பிறகு, டிசம்பர், ஜனவரியில் போவது நல்லது.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி இருக்கிறது. 1977-இல் சரணாலயமான இடம். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாதென்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே போய் நம் பிள்ளைகள் விசிலடித்தால் நன்றாகவா இருக்கும்! காலை ஏழு மணிக்குள் கரையில் இருங்கள். நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பைனாகுலரில் காட்டிவிட்டு, அது எதற்கென்று அவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் பறவைப் பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள். உண்மையான பாடம் தண்ணீருக்குள் இருக்கிறது. அதைச் சரணாலயத்தில் செய்யாமல் உங்கள் ஊர்க் கண்மாயில் வைத்துக்கொள்ளுங்கள். டீ வடிகட்டியும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டும் போதும். கரையோரப் புல்லடியில் இரண்டு முறை அரித்துத் தட்டில் கொட்டிவிட்டு, அசையாமல் வையுங்கள். கலங்கல் தெளியட்டும். குப்பை என்று நினைத்தது நகர ஆரம்பிக்கும். வாலில் மூன்று இலை மாதிரி இருந்தால் ஊசித்தட்டானின் குஞ்சு. குட்டையாக, தடித்த உடம்போடு இருப்பது பெரிய தட்டானின் குஞ்சாக இருக்கும். லேசாகச் சீண்டினால் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, விருட்டென்று முன்னே பாயும். ராக்கெட் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம். நூல் மாதிரி செக்கச்செவேலென்று நெளியும் புழுவில் ஹீமோகுளோபின் இருக்கிறது. அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது. தட்டு முழுக்க அது மட்டுமே வந்தால், அங்கே சாக்கடை கலக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தால் மறுநாளே செத்துப்போகும். ஆமை கண்ணில் பட்டால் கைவைக்க வேண்டாம், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர்.

பாதுகாப்பில் எனக்குப் பெரிய பயம் பாம்பு அல்ல, சவுடு மண் அள்ளிய பள்ளங்கள்தான். தண்ணீர் நிரம்பினால் கண்ணுக்கே தெரியாது. கணுக்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர், கையில் நீளக் கயிறு. காலில் புண் இருக்கும் பிள்ளை கரையிலேயே உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். பெற்றோர் கையெழுத்தோடு, வேட்டங்குடிக்கு வனத்துறையிடமும், ஊர்க் கண்மாய்க்கு ஊராட்சியிடமும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். மீன் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வடிகட்டியோடு நிற்கும் பிள்ளைகளை மீன் திருட வந்ததாக நினைத்துச் சத்தம் போடுவார்.