யார் கையில் பதிவேடு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரைக்கு அருகே மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். கொரோனா காலத்தில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். ஊரும் காலனியும் ஒரே குழுவில் இருந்தன. யாரோ போட்ட ஒரு ஃபார்வர்டில் சண்டை வந்து இப்போது இரண்டு குழுக்கள். அரசு வீடு யாருக்கு வந்தது, கடன் யாருக்குக் கிடைத்தது என்று இரண்டு பக்கமும் சந்தேகம். ஒவ்வொரு வீட்டின் பெயர், சமூகம், போன் எண், வாங்கிய உதவி எல்லாவற்றையும் ஒரு செயலியில் போட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். தொழில்நுட்பம் ஊரைச் சேர்க்குமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், சரி. நீங்கள் உங்களுக்குக் கேட்ட அந்தப் பாதுகாப்பை உங்கள் செயலி ஊரில் ஒருவருக்கும் தரவில்லையே! முதலில் அதுதான் மனதில் பட்டது.

நான் எட்டாவது படிக்கும்போது வகுப்பு ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து, "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்பார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நிற்பான். அதுவரை அவன் எந்தத் தெரு என்று வகுப்பில் பலருக்குத் தெரியாது. மதியம் சாப்பிடும்போது இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, பணம் போய்ச் சேர வேண்டும் என்றுதான் கூப்பிட்டார். பதிவேட்டில் இருந்த ஒரு விவரம் சத்தமாக வெளியே வந்தது, அவ்வளவுதான். அவன் தலை குனிந்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகைச் செய்தியை மாணவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. விவரம் யார் கண்ணில் படலாம், யார் கண்ணில் படக் கூடாது என்பதைத்தான் சொன்னது.

உங்கள் ஊரில் சந்தேகம் இருப்பது உண்மை, அதைத் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் அது ஊராட்சிக்கு வந்த பணத்தைப் பற்றிய சந்தேகம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே, யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தங்கள் செலவையும் திட்டங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. எவ்வளவு வந்தது, என்ன விதிப்படி கொடுத்தார்கள் என்று அங்கே இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து கேளுங்கள். அதற்குச் சமூகமும் போன் எண்ணும் எதற்கு? தேரோட்டத்தன்று சண்டை மூண்டால் அந்தச் செயலியைத் திறக்கிறவன் எந்தெந்த வீட்டைத் தேடுவான் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மேலூரிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2001 வாக்கில் சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு நிறுவனங்களும் சேர்ந்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டத்தில் இணைய மையங்கள் திறந்தன. செல்போனே அரிதாக இருந்த காலம். கம்பியில்லாமல் இணையம் வந்தது. கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு அனுப்பினார்கள். அப்புறம் ஆய்வாளர்கள் வந்து யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். பெரும்பாலும் படித்த, கொஞ்சம் வசதியான இளைஞர்கள். ஆனால் ஒடுக்கப்பட்டவர்கள் வாழும் தெருவுக்கு அருகில் மையம் இருந்த இடங்களில் அவர்களும் கூடுதலாக வந்தார்கள். கணினி ஒன்றுதான், அது இருந்த இடம் வேறு. அந்த மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

அதனால் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் மையம் எந்தத் தெருவில் இருக்கிறது? காலனியிலிருந்து ஒரு பெண் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வரும்போது, பின்னால் நிற்கிறவர்களுக்குத் திரை தெரிகிறதா? எத்தனை பேருடைய ஆதார் நகல் உங்கள் மேஜையில் கிடக்கிறது? செயலிக்கு முன்னால் இதைச் சரி செய்யுங்கள். வேலை முடிந்ததும் நகலைக் கிழித்துப் போடுங்கள்.

நம் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஊரையும் காலனியையும் பிரித்து 1989ல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகம் இடித்தது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 2011 ஆயிற்று. பாதை திறந்த பிறகும் அதில் சேர்ந்து நடக்க மூன்று வருஷம். உங்கள் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களை உடனே ஒன்றாக்க முயல வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான்.

இரண்டு தெருவுக்கும் ஒரே நாளில் தேவைப்படும் தகவல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் ஒருபோகம். கால்வாயில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள், கண்மாய் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த மடையை எப்போது திறக்கிறார்கள், இது நிலம் வைத்திருப்பவருக்கும் வேண்டும், நடவுக்குப் போகிறவருக்கும் வேண்டும். இதில் யாருடைய சாதியும் எண்ணும் இல்லை. இரண்டு குழுவிலும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியாகப் போடுங்கள். போன் இல்லாதவர்களுக்கு இரண்டு தெருமுனையிலும் ஒரு கரும்பலகை. ஒரு வாரம் ஊர்ப்பையன் எழுதட்டும், அடுத்த வாரம் காலனிப் பெண் எழுதட்டும், இரண்டு பலகையிலும். தவறாக எழுதிவிட்டால் அழித்துத் திருத்தி, திருத்தியதையும் குழுவில் சொல்லுங்கள்.

முதல் வாரம் யார் எழுதுவது என்பதிலேயே பேச்சு வரும். வரட்டும், அந்தப் பேச்சைக் கண்மாய்க்கரையில் நேரில் பேசுங்கள், குழுவில் வேண்டாம். கால்வாயில் தண்ணீர் வரும் சமயம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர் பக்கம்தானே, வருகிறேன்.

அன்புடன்.