மருத்துவர் பதில்: காசநோயா, ரத்தக்குழாய் அழற்சியா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு வயது 46. மூன்று மாதமாகக் காய்ச்சல், இருமல். சளியில் ரத்தமும் வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி தெரிந்ததால் ஐந்து வாரமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். சளியில் கிருமி இல்லை. மூக்கிலும் ரத்தம் வருகிறது. ஆன்கா என்னும் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதால், இது காசநோயே இல்லை, ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்கிறார் கோவையில் பார்த்த மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் மீதும் தவறில்லை, அம்மா. காசநோயும் ஜிபிஏ எனப்படும் ரத்தக்குழாய் அழற்சியும் நுரையீரலில் ஒரே மாதிரி குழி பறிக்கும். சதைப் பரிசோதனையிலும் இரண்டுக்கும் கிரானுலோமா என்னும் முடிச்சுகள் தெரியும். ஆன்கா என்பது உடல் தன் வெள்ளையணுக்களுக்கு எதிராகவே உண்டாக்கும் எதிரணு. அதுவோ, காசநோயாளிகள் சிலருக்கும் பாசிட்டிவாக வரும். எலிசா என்னும் ரத்தப் பரிசோதனை முறையில் பிஆர்3 என்ற வகை ஆன்கா மிகுதியாக இருந்தால்தான் ஜிபிஏ மீது சந்தேகம் வலுக்கும்.

சளியை மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்தார்களா, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் செய்தார்களா? ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகள் இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் அகப்படும். சிபிநாட் அதைவிட மிகக் குறைவானதையும் பிடித்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம்வரை ஆகும்.

எனக்கு உறுத்துவது அந்த மூக்குதான். மலைக்குளிரில் மூக்கு வறண்டு ரத்தம் கசிவது உண்டு. ஆனால் தடித்த பொருக்கு, காது அடைப்பு, கண் சிவப்பு எல்லாம் சேர்ந்திருந்தால் குளிரின் மேல் பழியைப் போடாதீர்கள்; அது ஜிபிஏவாக இருக்கலாம். சிறுநீரையும் உடனே பரிசோதியுங்கள். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்பதால், ரத்தமே கலந்து போனாலும் மாத்திரையின் நிறம் என்றே நினைத்துவிடுவோம். மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணுக்கள் தெரிகின்றனவா, புரதம் இறங்குகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பதை நாளைக்கே பார்த்துவிடுங்கள். அதிகச் செலவில்லாத பரிசோதனைகள் இவை. ஜிபிஏ சில வாரங்களிலேயே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கல்ச்சர் வரும்வரை பொறுக்காது.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். காசநோயாளிக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் காய்ச்சல் தணியும், பசி எடுக்கும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இரண்டு மருந்துகளையும் சேர்த்தே கொடுக்க நேரலாம். ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சதை எடுப்பதாக இருந்தால், ஒரு துண்டை ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போடாமல் சலைன் எனப்படும் உப்புநீரில் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். இதற்கிடையில் இருமும்போது வரும் ரத்தம் கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலோ, காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.