வீட்டிலேயே சட்டை தைத்தால் மிச்சமா? – வாங்குவோர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு ஜாக்கெட், சுடிதார் தைக்கத் தெரியும். வீட்டில் கணவர், மாமனார், பிளஸ் டூ படிக்கும் மகன் என்று மூன்று ஆண்கள். வருஷத்துக்கு எப்படியும் 12 சட்டை தைக்கிறோம். டெய்லர் ஒரு சட்டைக்கு 450 ரூபாய் கூலி கேட்கிறார். மாமியாரின் கால்மிதி மெஷின் 5 வருஷமாக உறை போட்டு மூலையில் கிடக்கிறது. 16,000 ரூபாய்க்கு ஒரு ஜிக்ஜாக் மெஷின் பார்த்து வைத்திருக்கிறேன். காஜாவும் (பட்டன் ஓட்டை) அதிலேயே போடலாமாம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 12 சட்டைக்குக் கூலி 5,400 ரூபாய். நீங்களே தைத்தாலும் காலரை விறைப்பாக்கும் கேன்வாஸ், நூல், பட்டன், காஜா என்று சட்டைக்கு 70 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், 840 போய்விடும். மிச்சம் 4,560. மெஷின் விலை திரும்பி வரவே மூன்றரை வருஷம். அதுவும் முதல் சட்டையிலிருந்தே எல்லாம் ஒழுங்காக வந்தால்தான்.

ஆண்கள் சட்டைக்கு ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து விழும் தையல்) தேவைப்படுகிற இடம் காஜா ஒன்றுதான். முன்பட்டியும் கழுத்துப் பட்டியும் சேர்த்து ஓர் அரைக்கைச் சட்டைக்கு 7 காஜா. வருஷத்துக்கு 84. அந்த 84 ஓட்டைக்காக 16,000 ரூபாயா? கடைத்தெருவில் ‘காஜா எடுக்கப்படும்’ என்று போர்டு வைத்திருப்பவரிடம் கொடுத்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கொடுக்கும் முன் சாக்பீஸால் நீங்களே இடம் குறித்துவிடுங்கள்: முன்பட்டியில் காஜா செங்குத்தாக, கழுத்துப் பட்டியில் படுக்கைவசமாக. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினும் வேண்டாம். ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டால் பிசிறே தெரியாது.

அதனால் மாமியாரின் மெஷினுக்கு உறையை எடுங்கள். மெக்கானிக்கை வரவழைத்து பெல்ட், ஷட்டில், பாபின் கேஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் உள்ளே பிசினாகி இறுகியிருக்கும். அதைக் கழுவி மெஷின் ஆயில் விடவேண்டும். வேலை முடிந்ததும் அவர் எதிரிலேயே ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். அடியில் நூல் கொசகொசவென்று சுற்றினால் மேல்நூல் டென்ஷன் சரியில்லை என்று அர்த்தம். அதைச் சரி செய்த பிறகு பணம் கொடுத்தால் போதும்.

கூலி மிச்சம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் மாமனார் விஷயம். தொப்பை இருந்தால் சட்டையின் முன்பக்கம் தூக்கும். கூன் விழுந்திருந்தால் பின்பக்கம் தூக்கும். ரெடிமேட் சட்டை இரண்டையும் கண்டுகொள்வதில்லை. தொப்பைக்காக 44 சைஸ் வாங்கினால் தோள் முழங்கைப் பக்கம் தொங்குகிறது. நீங்கள் தைத்தால் கூன் முதுகுக்குப் பின் உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டலாம், தோளை அவருடைய தோளாகவே வைக்கலாம். இந்த வசதியைக் கடையில் எந்த விலைக்கும் வாங்க முடியாது.

அளவுக்கு டேப்பை நம்புவதைவிட, அவர்களுக்குப் பிடித்த ஒரு பழைய சட்டையைத் தையல் பிரித்து, பிரவுன் ஷீட்டில் வரைந்துகொள்ளுங்கள். ஜாக்கெட் தைத்துப் பழகிய கை உடம்போடு ஒட்டித்தான் வெட்டும். சட்டைக்கு அது ஆகாது: மார்பு 38 என்றால் சட்டையின் சுற்றளவு 42, 43 வரவேண்டும். முதல் சட்டையைக் காடாத் துணியில் தைத்துப் பாருங்கள். உங்கள் பக்கம்தான் அது மலிவாகக் கிடைக்குமே.

காலர்தான் கை நடுங்க வைக்கும் இடம். நான் தைத்த முதல் காலரின் இரண்டு முனையும் நாய்க் காது மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. ஒட்டு கேன்வாஸைத் தையல் விடுப்பு இல்லாமல், காலரின் சரியான அளவுக்கு வெட்டுங்கள். ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை இழுக்கக்கூடாது. ஒரே இடத்தில் அழுத்தி பத்துப் பதினைந்து எண்ணிவிட்டுத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்கவேண்டும். ஆறும்வரை துணியைத் தொடாதீர்கள். கேன்வாஸ் வாங்குகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மட்டமானது முதல் சலவையிலேயே விட்டுப்போய்க் காலர் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்புறம் அந்தச் சட்டை வீட்டுக்குள் போடத்தான். அடிக் காலரை ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைத்து வெட்டினால் முனைகள் தானாகக் கீழே வளையும். திருப்பும்போது கத்தரிக்கோல் நுனியால் குத்தி எடுக்கிறார்கள், துணி கிழிந்துவிடுகிறது. முனையில் தைக்கும்போதே ஓர் இழை நூலை உள்ளே மாட்டி வைத்து, திருப்பிய பின் அதைப் பிடித்து இழுங்கள். முனை கூராக வந்து நிற்கும்.

துணி கேட்கும்போது பன்னாவை, அதாவது அங்குலக் கணக்கில் துணியின் அகலத்தை, சொல்லிக் கேளுங்கள். அரைக்கைச் சட்டைக்கு 36 பன்னா என்றால் 2.25 மீட்டர், 58 பன்னா என்றால் 1.60 போதும். மாமனாருக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். கட்டம் போட்ட துணி என்றால் பாக்கெட்டும் முன்பட்டியும் கட்டத்துக்குக் கட்டம் சேரவேண்டும். கால் மீட்டர் அதிகம் இல்லாமல் அது நடக்காது.

கேள்வி: மீட்டர் கணக்கில் காட்டன் துணி வாங்கி, கணவருக்கு நானே சட்டை தைத்தேன். முதல் சலவையிலேயே கை உயரம், உடல் உயரம் எல்லாம் சுருங்கிவிட்டது. சுருங்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகர் மனைவி, திண்டுக்கல்

பதில்: அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அதே கணக்குதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருஷம் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

இருந்தாலும் உங்கள் வழக்கில் சிக்கல் இருக்கிறது. துணியை வெட்டித் தைத்துவிட்டீர்கள். ‘தையல் கோளாறு’ என்பார்கள். ‘சுருங்காது’ என்று வாயால் சொன்னதற்குச் சாட்சியும் இல்லை. துணியின் ஓரத்தில் ‘சான்ஃபோரைஸ்டு’ என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். மிச்சத் துண்டில் அது இருந்தால் உங்கள் பக்கம் பலம். முத்திரை இல்லையென்றால் கடைக்காரரிடம் பேசிப் பாதி விலைக்காவது மாற்றுத் துணி வாங்கிக்கொள்வது நல்லது என்பேன்.

அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு சட்டைக்காலர் கதை இருக்கிறது. ‘ஆரோ’ என்ற பெயரில் காலரும் சட்டையும் தயாரித்த அமெரிக்க நிறுவனத்தின் சான்ஃபோர்ட் கிளூயட் என்பவர், துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறைக்கு 1930-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலிருந்து வந்ததுதான் அந்தச் சொல். அப்படிப் பதப்படுத்திய துணி சலவையில் 1 சதவீதத்துக்கு மேல் சுருங்காது. பதப்படுத்தாத காட்டன் 5 சதவீதம் சுருங்கினாலே 30 அங்குல உயரத்தில் ஒன்றரை அங்குலம் காணாமல் போகும்.

இனி எந்தக் காட்டன் வாங்கினாலும், கைத்தறியானாலும், வெட்டும் முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, உயரத்தை அளந்து பாருங்கள். அதிகம் குறைந்திருந்தால் வெட்டாத துணியோடும் பில்லோடும் கடைக்குப் போகலாம். அப்போது அவர்களால் தையல் மீது பழி போட முடியாது.

கேள்வி: ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வரும் மினி தையல் மெஷினில் சட்டை தைக்க முடியுமா?
– ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: தலையணை உறை தைக்கலாம். காலரும் கேன்வாஸும் கழுத்துப் பட்டியும் சேர்கிற இடத்தில் அடுக்கு தடித்துப்போகும். ஊசி நின்றுவிடும், இல்லை உடைந்துவிடும். ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால், வந்த அன்றே ஒரு பழைய சட்டையின் காலர் மேல் ஓட்டிப் பாருங்கள். பெட்டியைக் கிழிக்காமல் வைத்திருங்கள். திருப்பி அனுப்பும்போது கேட்பார்கள்.