அப்பம் தராத கோவிலில் கடைசிவரை நிற்கலாமா?

அன்புள்ள அக்கா,

நான் பாளையங்கோட்டைக்காரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். கூட வேலை பார்க்கும் நண்பனின் கல்யாணத்துக்குக் கோட்டயம் போயிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டாரோடு அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் பள்ளிக்குப் போனேன் (அங்கே கோவிலைத்தான் பள்ளி என்கிறார்கள்). நான் இருந்தவரைக்கும் கிட்டத்தட்ட நின்றபடியேதான். தூபம், திரைச்சீலை, மணிச்சத்தம், எதுவும் பிடிபடவில்லை. நற்கருணை, அதாவது அப்பமும் ரசமும் கொடுக்கிற நேரம் நெருங்கியபோது நண்பனின் அம்மா பக்கத்தில் வந்து, அது அவர்கள் சபையாருக்கு மட்டும்தான் என்று மெதுவாகச் சொன்னார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. நான் திடப்படுத்தல் பெற்று நற்கருணைக்குத் தகுதியானவன், ஊரில் தவறாமல் அந்தத் திருவிருந்து எடுக்கிறவன். பாதியிலேயே வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். நாமும் கிறிஸ்தவர்கள்தானே? அடுத்த முறை இப்படி ஒரு கோவிலுக்குப் போனால் ஒன்றும் சொல்லாமல் வரிசையில் போய் வாங்கிக்கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வாங்கிக்கொள்ளக் கூடாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அச்சனுக்கு, அதாவது அங்கத்திய குருவானவருக்கு, உங்கள் முகம் தெரியாது, கல்யாண வீட்டு உறவுக்காரப் பையன் என்று நினைத்துக் கொடுத்தும்விடலாம். ஆனாலும் விருந்தாளியாகப் போன இடத்தில், அந்த வீட்டார் எதை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறார்களோ அதை அவர்களுக்குத் தெரியாமல் எடுப்பது சரியில்லை.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் சி.எஸ்.ஐ. வீட்டில் வளர்ந்தவள்தான். ஒரே கர்த்தர், ஒரே ஞானஸ்நானம் என்று வாயால் சொல்லிவிட்டு ஒரே பந்தியில் சேர முடியாமல் இருப்பது வலிக்கிற விஷயம், வலிக்கவும் வேண்டும். ஆனால் அந்த வலியை அந்த அம்மாவின் தலையில் போடாதீர்கள். வரிசையில் போய் நின்ற பிறகு நாலு பேர் பார்க்க உங்களைத் திருப்பி அனுப்பும்படி ஆகக் கூடாதே என்றுதான் முன்னாலேயே காதோடு சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கரிசனம்.

அந்தக் கட்டுப்பாடு உங்களைப் பார்த்துப் போட்டதும் இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் எந்த நாட்டிலும் பொதுவாக வேறு சபையாருக்கு நற்கருணை தருவதில்லை, கத்தோலிக்கரும் பெரும்பாலும் அப்படித்தான். அவர்கள் ஆட்களுக்கே முன்னதாகக் குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம், வெறும் வயிறு என்று ஒழுங்குகள் உண்டு. அதனால் ஞாயிறுதோறும் தங்கள் இடத்திலேயே நின்றுவிடுகிற சபையாரும் நிறைய. நீங்கள் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் உங்களைச் சுற்றி எத்தனை பேர் முன்னால் போகவில்லை என்று பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், கிடைக்காததைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் கிடைத்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. விசுவாசப் பிரமாணம் முடிந்ததும் சமாதானம் கொடுப்பார்கள், கவனித்தீர்களா? பலிபீடத்தில் அச்சன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, பூசைக்கு உதவுகிறவர் கீழே இறங்கி வருவார். கூப்பிய கைகளை நீட்டுவார். முன்னால் நிற்பவர் அந்தக் கைகளைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கி, அப்படியே பின்னால் திரும்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். இப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரைக்கும் வரும். இவர் எந்தச் சபை என்று கேட்டுவிட்டு யாரும் கொடுப்பதில்லை. உங்கள் கைக்கும் வந்திருக்கும் தம்பி, பலிபீடத்திலிருந்து புறப்பட்டது.

அந்தத் திரையையும் சொல்ல வேண்டும். அப்பத்தைப் பிட்கிற நேரத்தில் அதை மூடிவிடுவார்கள். நம் கோவில்களில் போதகர் ஐயர் செய்வதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டும், கேட்க வேண்டும், புரிய வேண்டும். அங்கே சில காரியங்கள் கண்ணுக்கு மறைவாகவே நடக்கும். திரை திறந்திருக்கையில் சில இடங்களில் நீண்ட கைப்பிடி வைத்த வட்டத் தகட்டைக் குலுக்குவார்கள், விளிம்பில் கோத்த சின்ன மணிகள் எல்லாம் சேர்ந்து சலசலக்கும். நீங்கள் கேட்ட மணிச்சத்தத்தில் அதுவும் இருந்திருக்கும். எனக்கு முதலில் இதெல்லாம் அந்நியமாகத்தான் பட்டது. இரண்டாவது தடவை போனபோது, பிரசங்கத்துக்காகக் காத்திருக்காமல் சும்மா நிற்கவே முடிந்தது.

உங்களுக்கும் கோட்டயத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரை அனுப்பிய அதே சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன்தான் 1816 முதல் திருவிதாங்கூருக்கும் ஆள் அனுப்பியது. அவர்களில் ஒருவரான பெஞ்சமின் பெய்லி கோட்டயத்தில் அச்சகம் வைத்து 1829இல் மலையாளத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். உங்கள் நண்பன் வீட்டாரின் முன்னோர்களான, சுறியானி (சிரியாக்) மரபில் வழிபடுகிற கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களோடு அந்த மிஷனரிகள் இருபது வருஷம் இணக்கமாக வேலை செய்தார்கள். ஆனால் மரித்தோருக்காக ஜெபிப்பது, மாதாவிடம் வேண்டுவது போன்றவற்றை விடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1836இல் மாவேலிக்கரையில் கூடிய சுறியானி சபை, எங்கள் வழிபாட்டை மாற்ற மாட்டோம் என்று முடிவெடுத்துவிட்டது. அதற்கு முன்பே 1599இல் உதயம்பேரூரில் போர்ச்சுகீசியப் பேராயர் சுறியானிப் புத்தகங்களையே திருத்தச் சொன்னதும், 1653இல் மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் அவர்களுக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்ததும் நடந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் திரும்பத் திரும்பத் திருத்தப் பார்த்த ஜனங்கள் அவர்கள். தங்கள் பலிபீடத்தை இத்தனை இறுக்கமாகக் காப்பதில் இந்த ஞாபகத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அடுத்த முறை கோட்டயம் பக்கம் போனால் மார்த்தோமா பள்ளி ஒன்றைத் தேடிப் போங்கள். அதே சுறியானி மரபிலிருந்து வந்த சீர்திருத்த சபை, நம் சி.எஸ்.ஐ.யோடு முழு ஐக்கியத்தில் இருக்கிறது. அங்கே நீங்கள் தாராளமாகப் பந்தியில் சேரலாம், அச்சனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோட்டயம் வலியபள்ளியையும் பாருங்கள். நம் பரங்கிமலையில் 1547இல் கிடைத்தது போன்ற, பகலவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவைகள் அங்கே இரண்டு இருக்கின்றன. பக்கத்திலேயே 1579இல் கட்டிய செறியபள்ளி, சுவரெல்லாம் பழைய சித்திரம். ஆனால் படம் பிடித்துக்கொண்டு ஓடி வராமல், செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒரு குர்பானா (அவர்களுடைய நற்கருணை ஆராதனை) முழுக்க நின்றுவிட்டு வாருங்கள்.

இந்த வாரமே உங்கள் நண்பனின் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். ஏன் பாதியில் கிளம்பினீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு வந்த பையன் சாப்பிடாமல் போய்விட்டானே என்று அவர்கள் இன்னும் மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
அக்கா